கறுப்பாகவே இருந்த பாத்தி

எது தவறிப்போனாலும் அவர் முதலில் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்ப்பார். குடுவை உடைந்தாலும் சரி, எடை ஒத்துவராவிட்டாலும் சரி, வரவேண்டிய பஸ் வராமல் போனாலும் சரி. உள்ளங்கையை ஒரு முறை, புறங்கையை ஒரு முறை. பிறகு, "மொதல்ல நம்ம பக்கம் பாத்துடுவோம்" என்பார். துவாக்குடியில் நான் வேலை பார்த்த சோதனைக்கூடத்தில் அவரைக் கேலி செய்ய நினைக்கிறவர்கள் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கையைத் திருப்பிக் காட்டுவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

அங்கே எனக்குக் கண்ணாடிச் சாமான்கள் கழுவும் வேலை. பத்தாவது வரை படித்தவள். போர்த் தண்ணீர், தொட்டித் தண்ணீர், தொழிற்சாலைக் கழிவுத் தண்ணீர் எல்லாம் பாட்டில் பாட்டிலாகச் சோதனைக்கு வரும். அவர் மண் பிரிவு. பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். ஒரு மேசை, ஒரு பிரிட்ஜ், குடுவைகளை நாள் முழுக்க ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு மெஷின். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். மற்றவர்களுக்கு நான் "இந்தாம்மா."

அவர் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த இடமும் தெரிந்துவிடும். அங்கே இன்னும் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்தில் மெயின் ரோட்டோரம் ஒரு மாடி வீட்டில் அம்மாவோடு குடியிருந்தார். காலையில் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வந்து துவாக்குடி பஸ் பிடிப்பார். நான் காட்டூரில் ஏறுவேன். பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். யாராவது முறைத்தால், "காட்டூர்ல அக்கா ஏறுவாங்க" என்று சொல்வார், ஏதோ பஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும் என்னைத் தெரியும் என்பதுபோல.

ஒரு நாள் அந்த பஸ்ஸில் அவர் இல்லை. பத்தரை மணிக்கு போன் வந்தது. துவாக்குடி போர்டைப் பார்த்துத்தான் ஏறியிருக்கிறார். டிரைவர் பழைய போர்டை மாற்றாமலே வண்டியை எடுத்துவிட்டார். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருக்க, பஸ் மறுபடியும் காவிரிப் பாலம் ஏறி, அவர் கிளம்பி வந்த திசையிலேயே போய், கொள்ளிடத்தையும் தாண்டிவிட்டது. வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

"போர்டை மாத்தாதவன்தானே மேடம் தப்பு பண்ணினான்?" என்று கேட்டேன்.

"நான் ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறியிருக்கலாம்ல அக்கா. வீட்டுக்கு எதிர்லயே போயிருக்கேன். அம்மா வாசல்ல நின்னிருந்தா கை காட்டியிருப்பாங்க."

இதை வீட்டில் சொன்னபோது என் கணவர், "அந்த அம்மா பொழைக்கத் தெரியாதவங்க" என்றார். அப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எதற்கெடுத்தாலும் தன்மேல் பழியைப் போட்டுக்கொள்கிறவரை இந்த உலகம் எளிதாக ஏறி மிதித்துவிடும் என்று நினைத்தேன்.

மிதித்தார்கள்தான். ஒரு குடியிருப்பின் தண்ணீர் ரிப்போர்ட்டில் எண்கள் மாறி அச்சாகிவிட்டன. மாற்றி அடித்தது மேனேஜர் சார். குடியிருப்புக்காரர்கள் வந்து சத்தம் போட்டபோது இவர் கையைப் பார்த்துவிட்டு, "நான் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். மேனேஜர் சார் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, "அவங்களே ஒத்துக்கிட்டாங்களே" என்றார். அதன் பிறகு ஒரு வருஷம், எது நடந்தாலும் அந்த வாக்கியம் வரும்.

ஆனால் அந்தப் பழக்கத்துக்கு ஒரு மறுபாதி உண்டு என்பது எனக்குப் பட்டறையில்தான் தெரிந்தது.

துவாக்குடியில் ஒரு லேத்துப் பட்டறை. அதன் பின்பக்கம் பல வருஷமாகப் பழைய ஆயில் பேரல்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒழுகி ஒழுகி மண் தார்போல ஆகிவிட்டது. செருப்பு ஒட்டிக்கொள்ளும். மழை பெய்தால் பக்கத்து நிலத்துக் கிணற்றில் வண்ண வண்ணமாக ஒரு படலம் மிதக்கும். கிணற்றுக்காரர் புகார் கொடுத்தார். பட்டறை முதலாளிக்கு அந்த மண்ணை லாரியில் அள்ளி ஏதாவது ஏரிக்கரைப் பள்ளத்தில் கொட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். இவர்தான் போய்ப் பேசி, அங்கேயே சுத்தம் செய்து தருவதாகச் சொன்னார்.

எப்படி என்றால், எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா இருக்கிறதாம். எங்கிருந்தும் வாங்க வேண்டாம், அந்தக் கறுப்பு மண்ணிலேயே இருக்கிறதாம். ஒரு பிடி மண்ணைக் கொண்டு வந்து, குடுவையில் தண்ணீரும் சொட்டு எண்ணெயும் விட்டு, அந்த மெஷினில் ஆட்டுவார். முதல் நாள் எண்ணெய் மேலே பளபளவென்று மிதக்கும். நாலைந்து நாளில் படலம் உடைந்து துண்டு துண்டாகும். பிறகு குடுவை முழுக்கக் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிவிடும். அந்தக் கலங்கல்தான் பெருகிய பாக்டீரியா. அவர் அதைப் பாக்டீரியா என்று சொல்வதே குறைவு.

"நம்ம ஆளுங்க சாப்பிட்டாங்களா அக்கா?" என்று காலையில் வந்ததும் கேட்பார்.

"எண்ணெயைப் போயா சாப்பிடும் மேடம்?"

"ஏன், நாம வடையில சாப்பிடலையா?"

பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து, கறுப்பு மண்ணை முழங்கால் உயரத்துக்குப் பாத்தியாகக் கொட்டினார்கள். அதில் குடுவைத் தண்ணீரை ஊற்றி, சாணி கலந்து, வாரம் இரண்டு முறை மண்வெட்டியால் புரட்டி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் மட்டும் தின்றால் அவற்றுக்குச் சத்துப் போதாதாம், சாணியும் மாட்டு மூத்திரமும் அதற்காக. குடுவைகளைத் தூக்கிக்கொண்டு நானும் அவரோடு போவேன். ஒரு கட்டி மண்ணை எடுத்து விரலால் உதிர்த்து மூக்கருகில் வைத்து மோந்து பார்ப்பார். பிறகு எனக்கும் நீட்டுவார்.

முதல் பாத்தி மூன்றாம் மாதம் நன்றாக வெளுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு வாரம் சோதனையில் எண்ணெய் அளவு ஏறிவிட்டது. கையைப் பார்த்தார். தராசைச் சரிபார்த்தார். மண் எடுத்த இடம், எடுத்த விதம், குடுவை, வடிகட்டிய தாள் எல்லாவற்றையும் மறுபடி செய்தார். ஒரு வாரம் இதிலேயே போயிற்று. மேனேஜர் சார், "பாத்தீங்களா, எங்கயோ தப்புப் பண்ணிட்டீங்க" என்றார். இவர் மறுநாள் பட்டறைக்குப் போய் முதலாளி எதிரில் நின்றார்.

"சார், என் பக்கம் எல்லாம் பாத்துட்டேன். முடிஞ்சுது. இப்ப உங்க பக்கம் பாக்கலாமா?"

குரலில் கோபம் இல்லை, தயவும் இல்லை. முதலாளி சிரித்துப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். இவர் அதே இடத்தில் நின்றார். கடைசியில் வேலையாள் ஒருவர் தானாகவே சொன்னார், லேத்தில் சீவி விழும், ஆயில் படிந்த இரும்புச் சுருளை அந்தப் பாத்தி ஓரத்தில்தான் கழுவுகிறோம் என்று.

அன்றைக்குத்தான் புரிந்தது. தன் பக்கத்தை இவ்வளவு கறாராகப் பார்த்து முடித்தவரிடம் மற்றவர்கள் எதையும் மறைக்க முடியாது. நாம் திருப்பிக் கேட்க நினைக்கும் கேள்விகளை எல்லாம் அவரே தன்னிடம் கேட்டு முடித்திருப்பார். பொழைக்கத் தெரியாதவர் என்று நான் நினைத்தது தப்பு. ஆனால் அதை உணர்ந்ததற்குப் பிறகும் நான் செய்தது வேறு.

முதல் பாத்தி ஐந்து மாதத்தில் பழுப்பு மண்ணாகிவிட்டது. வாடை போய், ஓரத்தில் கோரை முளைத்தது. முதலாளி இரண்டாவது பாத்திக்குச் சம்மதித்தார். அதற்குள் பக்கத்தில் சாணி கொடுத்துக்கொண்டிருந்தவர் மாடுகளை விற்றுவிட்டார். சாணிக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தபோது, நாலு பேர் இருந்த அறையில், யாரும் கேட்காமலே நான் வாயைத் திறந்தேன்.

"எங்க வீட்ல மாடு இருக்கு மேடம்."

நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே உள்ளேன் ஐயா சொல்லவும் குரல் வராது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து அன்றெல்லாம் பெருமையாக இருந்தது. என் கணவர் பெயின்ட் வாளிகளில் சாணியும் மூத்திரமும் நிரப்பி மொபெட்டில் கட்டிக் கொண்டு வந்து இறக்குவார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மாதம் எங்கள் மாட்டுக்கு மடிநோய். மடி கல் மாதிரி வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. மாட்டு டாக்டர் வந்து ஐந்து நாள் ஊசி போட்டார், காம்பிலும் மருந்து ஏற்றினார். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தது, திரும்பவும் ஊசி. "ஊசி நின்னு நாலு நாள் வரைக்கும் பாலை யாருக்கும் ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சாணியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ஊசி போட்ட நாட்களில் மாட்டை மேய விடவில்லை, கொட்டகையிலேயே கட்டியிருந்தோம். அதனால் சாணியும் மூத்திரமும் சிந்தாமல் சிதறாமல் முழுக்கக் கிடைத்தது. பாத்திக்குப் போனது அதுதான். மருந்து ஏறிய உடம்பு, கிருமி இல்லாத சாணி, இன்னும் நல்லது என்றுகூட நினைத்தேன்.

இரண்டாவது பாத்தி ஒரு மாதம் ஆகியும் கறுப்பாக இருந்தது. இரண்டு மாதம் ஆகியும் கறுப்பாகவே இருந்தது.

அவர் தன் பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார். பாக்டீரியாவைப் புதிதாக வளர்த்து ஊற்றினார். தண்ணீரை மாற்றினார். புரட்டும் நாளைக் கூட்டினார். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார். நான் கழுவி அடுக்கிய குடுவைகளைத் தானே மறுபடி கழுவினார். என் முகம் வாடியதைப் பார்த்து, "உங்களுக்காக இல்ல அக்கா. நான் சரியா அலசினேனான்னு எனக்கே சந்தேகம்" என்றார்.

மேனேஜர் சார் விடவில்லை. "கழுவுற அம்மா பினாயில் ஊத்திக் கழுவியிருக்கும். அதான் உங்க பூச்சியெல்லாம் செத்துப்போச்சு."

"இல்ல சார். ஒவ்வொண்ணையும் மோந்து பாத்துட்டேன். அவங்க கழுவினதுல ஒரு குறையும் இல்ல. கோளாறு என்கிட்டதான்."

பட்டறை முதலாளி, "மேடம், அடுத்த மாசம் முதல் தேதி வரைக்கும் பாப்பேன். அப்புறம் லாரிதான்" என்று சொல்லிவிட்டார். லாரி வந்தால் மண் ஏரிக்குப் போகும், இவருடைய பிரிவும் போகும். மேனேஜர் சார் அதை வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

கெடுவுக்கு ஒரு வாரம் இருந்தபோது ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு இரண்டு கண்ணாடித் தட்டுகளைக் காட்டினார். இரண்டிலும் நம்ம ஆளுங்க மெல்லிய பாலாடை மாதிரி பரவியிருந்தார்கள். ஒன்றின் நடுவில் முதல் பாத்தி மண்ணை ஊறவைத்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டிருந்தார், மற்றதில் இரண்டாவது பாத்தித் தண்ணீர். முதல் தட்டில் சொட்டு விட்ட இடமே தெரியவில்லை. இரண்டாவதில் சொட்டைச் சுற்றி மொட்டையாக ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் ஒன்றும் முளைக்கவில்லை.

"மருந்து அக்கா. நமக்குக் காய்ச்சல் வந்தா கிருமியைக் கொல்லக் கொடுப்பாங்கல்ல, அந்த மாதிரி மருந்து அந்த மண்ணுல இருக்கு. அதுக்கு இது கெட்ட கிருமி, இது எண்ணெய் தின்னுற நல்ல கிருமின்னு தெரியாது. எல்லாத்தையும் அடிச்சுடும்."

எங்கள் மாட்டுக்குப் போட்ட ஊசிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

அவர் தொடர்ந்தார். அந்த வகை மருந்து ஒன்று எங்கள் பிரிட்ஜிலேயே இருந்தது. வேண்டாத கிருமிகள் வராமல் இருக்கச் சில தட்டுகளில் கலப்பார்கள். நோட்டைப் பார்த்திருக்கிறார். இரண்டாவது பாத்திக்குப் பாக்டீரியா தயார் செய்த அதே நாளில் அந்தப் புட்டியையும் எடுத்துப் புழங்கியிருக்கிறார்.

"என் கையாலதான் கலந்திருக்கு" என்றார். இரண்டு கைகளையும் அன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கவரை நீட்டினார். "சாருக்கு எழுதியிருக்கேன். நாளைக்கு நான் பட்டறைக்குப் போயிட்டுத்தான் வருவேன், காலையில நீங்களே அவர் டேபிள்ல வச்சுடுங்க."

ஒட்டாத கவர். அன்று நான் மட்டும் முன்னால் கிளம்பினேன், பஸ்ஸில் பிரித்துப் படித்தேன். பாத்தி கெட்டது தன் கவனக்குறைவால், செலவுக்குத் தானே பொறுப்பு, வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்று எழுதியிருந்தது. கடைசி வரியில் என்னைப் பற்றி ஒன்று இருந்தது. கண்ணாடிச் சாமான்கள் கழுவியதில் எந்தக் குறையும் இல்லை என்பதைச் சோதித்து உறுதி செய்துவிட்டேன் என்று.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாயை மூடிக்கிட்டு இரு. அவங்களே ஒத்துக்கிட்டாங்கல்ல?"

அந்த வாக்கியத்தை நான் ஒரு வருஷமாக மேனேஜர் சார் வாயிலிருந்து கேட்டு மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இப்போது அது என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

காலையில் கவரை மேசைமேல் வைக்கவில்லை. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வந்தார்.

"வச்சுட்டீங்களா அக்கா?"

"இல்ல மேடம்."

"சார் இன்னும் வரலையா?"

"வந்துட்டார்." குழாயை மூடினேன். "மேடம், மாட்டுக்குப் போட்ட ஊசி சாணியில வருமா?"

அவர் கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மடிநோய், ஊசி, கொட்டகை, வாளி.

"அந்த நாள் சாணி ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. ஊசி போட்ட வாரத்தில் தட்டிய வரட்டிகள் கொட்டகைச் சுவரோரம் தனியாக அடுக்கியிருந்தன. அதில் ஒன்றும், சமீபத்தில் தட்டியதில் ஒன்றும் கொண்டு போனேன். ஊறவைத்துச் சொட்டு விட்டார். மறுநாள் பழைய வரட்டித் தண்ணீரைச் சுற்றி அதே மொட்டை வட்டம். புது வரட்டிக்கு ஒன்றும் இல்லை. பிரிட்ஜில் இருந்த மருந்துக்கும் பாத்திக்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் அதே மாதிரி சோதித்துவிட்டார். அதில் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. "ம், சரி" என்று நோட்டில் எழுதினார்.

மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? சாணி கொண்டுவான்னு உன்னை யாரு கேட்டா?"

"சாணி வேணும்னு சொன்னது நான்தான் சார்" என்றார் அவர். "கொடுத்தவங்க அவங்க. மாட்டுக்கு வைத்தியம் நடக்குதான்னு கேக்காம வாங்கினவ நான். ஆனா காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சொன்னது அவங்கதான். அதை ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்."

மேனேஜர் சார் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். பட்டறை முதலாளி காரணத்தைக் கேட்டுவிட்டு, "இனிமே சாணிக்கும் டாக்டர் சர்டிபிகேட்டா?" என்று சிரித்தார். சிரித்துவிட்டதால் லாரி வரவில்லை. கெட்ட பாத்தியைத் தனியே மூடி வைத்துவிட்டு, மூன்றாவதாக ஒரு பாத்தி போட்டோம். அது நன்றாகவே வந்தது. சாணி வாங்கும் இடத்தில், மாட்டுக்கு ஊசி ஏதாவது போட்டார்களா என்று மாட்டுக்காரரிடம் கேட்கும் வேலையை மேடம் என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஆனால் மேனேஜர் சார் அறையிலிருந்து நாங்கள் வெளியே வந்த அன்று சாயங்காலம் மேடம் என்னை விட்டுவிடவில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, பாலை என்ன பண்ணினீங்க?"

நான் அதுவரை பாலைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை, இப்போது சொன்னேன். டாக்டர் சொன்னபடி கீழே கொட்டினோம். ஆனால் நாலு நாள் கொட்டவில்லை. ஒரு நாள்தான். பிறகு பால் வெள்ளையாக, நன்றாக வந்தது. வாடிக்கை வீடுகள் போய்விடுமே என்று ஊற்றிவிட்டோம். இரண்டு தடவையும்.

"எத்தனை வீடு?"

"நாலு."

"யாராவது எதுவும் சொன்னாங்களா?"

ஒரு வீட்டில் தயிர் உறையவில்லை என்றார்கள். குளிருக்கு அப்படித்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். இன்னொரு வீட்டில் சின்னப் பெண்ணுக்கு அந்த வாரம் உடம்பெல்லாம் தடித்துப்போய், முட்டை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியிருந்தார்கள்.

"அதனாலதான்னு சொல்ல முடியாது. ஆனா அந்தக் குழந்தையோட டாக்டருக்குத் தெரியணும். மாட்டு டாக்டர் எழுதின ஊசிச் சீட்டு இருக்குல்ல?"

"மேடம், நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னீங்கன்னா..."

"இதை நான் சொல்லக் கூடாது அக்கா." அவ்வளவு நாளில் அவர் என்னிடம் முடியாது என்று சொன்னது அது ஒன்றுதான். "இது உங்க பக்கம். நான் கூட வரேன்."

அன்று காட்டூரில் என்னோடு இறங்கினார். வீட்டுக்குப் போய்ச் சீட்டை எடுத்துக்கொண்டேன். கணவர் வாசலில் நின்று, "பால் வாடிக்கையும் போச்சுன்னா அப்புறம் பாரு" என்றார். இவர் அவரைப் பார்த்து, "வரேங்க அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

முதல் வீட்டில், "காய்ச்சித்தானே குடிச்சோம், போங்க" என்று சிரித்துவிட்டார்கள். இரண்டாவது வீட்டில், "அதான் தயிர் ஒறையலையா? உறை மோர் சரியில்லைன்னு நான் தெருத்தெருவா மோர் கேட்டு அலைஞ்சேன். மாமியார் என்னைத்தான் சொன்னாங்க" என்று அந்தப் பெண் என்னை முறைத்தார். மூன்றாவது வீட்டில் கதவருகில் நிற்க வைத்தே பேசினார்கள். ஒவ்வொரு வாசலிலும் அவர் ஓரடி பின்னால் நின்றார். எடுத்துக்கொடுக்கவில்லை. நான் நிறுத்தினால் நிறுத்தியபடியே காத்திருந்தார்.

நாலாவது வீடு அந்தச் சின்னப் பெண்ணின் வீடு. தாய் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர் ஈரக்கையோடு வந்தார். நான் ஊசி போட்டதையும், டாக்டர் சொன்னதையும், அதைக் கேட்காமல் பால் ஊற்றியதையும் சொன்னேன். சீட்டை நீட்டினேன். அவர் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். படித்துப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா முட்டை கேட்டு அழுவுது. குடுக்காம வச்சிருக்கேன்."

"முட்டைதானா, இதுதானான்னு தெரியாதுங்க. டாக்டர்ட்ட இந்தச் சீட்டைக் காட்டுங்க."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணுங்க."

"நாளைலேர்ந்து எங்களுக்குப் பால் வேணாம்."

"சரிங்க" என்றேன்.

அவர் சீட்டை மடித்துக்கொண்டே எனக்குப் பின்னால் பார்த்தார். தோளில் பையும், அதில் செருகிய மூன்று பேனாவுமாக நின்றவரைக் கண்டதும் முகம் கொஞ்சம் மாறியது.

"நீங்க யாரும்மா? ஆபீசரா? நீங்கதான் இவங்களைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"இல்லைங்க" என்றார் அவர். "இவங்களாத்தான் வந்தாங்க. நான் இவங்க கூட வேலை பாக்கறேன்."